செத்தால் 10 லட்சம், பிழைக்க என்ன வழி?

கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய், சாராய வியாபாரிக்கு ஆயுள் தண்டனை வரை என்று அரசு வேகமாகத்தான் நடந்தது. உயிரோடு இருக்கிறவன் குடியை விட நினைத்தால் எங்கே போவான்? அந்தக் கேள்வியோடு கள்ளக்குறிச்சி வட்டாரப் பெற்றோரும் ஆசிரியர்களும் காந்தி ஜெயந்தி கிராம சபைக்குப் போகிறார்கள். மற்ற ஊர்க்காரர்களையும் கூப்பிடுகிறார்கள்.

டாஸ்மாக் மூலம் 2024-25இல் அரசுக்கு வந்தது 48,344 கோடி, நாளொன்றுக்கு 132 கோடி. குடிக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது சிகிச்சை கிடைத்தது என்று 2019இல் வெளியான எய்ம்ஸ் ஆய்வு சொன்னது. மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவர்.

மிச்சப் பேருக்கு வீட்டு வைத்தியம்தான். ‘ஒரு கால்கட்டு போட்டால் திருந்திடுவான்’ என்று பெண் பார்க்கிறார்கள். இன்னொரு வீட்டுப் பெண்தான் அங்கே மருந்து. சபரிமலைக்கு மாலை போட வைக்கிறார்கள். வருடக்கணக்காக விடாமல் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், புத்தி பேதலிக்கலாம், உயிரும் போகலாம். சாமி குத்தம் என்று சொல்லிவிடுவார்கள்.

இதைவிட மோசம், ‘அவருக்குத் தெரியாமலே கொடுக்கலாம்’ என்று விளம்பரம் செய்து விற்கும் மருந்து. அதில் டைசல்ஃபிராம் இருந்து, விவரம் தெரியாமல் அவன் குடித்துவிட்டால் ரத்த அழுத்தம் சரிந்து விழுவான். டாக்டர் பார்த்து, அவனும் ஒப்புக்கொண்டு சாப்பிட வேண்டிய மாத்திரையைக் குழம்பில் கலக்கிறார்கள்!

பையன் கஞ்சா பிடிக்கிறான் என்றால் போலீசுக்குப் பயந்து வாயே திறப்பதில்லை. தானாக முன்வந்து சிகிச்சை எடுப்பவரை வழக்கிலிருந்து காக்கும் 64ஏ பிரிவு போதைப்பொருள் சட்டத்திலேயே இருக்கிறது. எத்தனை பெற்றோருக்குத் தெரியும்?

2025இல் 25 ‘கலங்கரை’ மீட்பு மையங்களை அரசு திறந்தது. நல்லதுதான். ஆனால் மாவட்டங்கள் 38. கூலிக்குப் போகிற தாய் மகனைக் கூட்டிக்கொண்டு எத்தனை பஸ் மாறுவாள்? வட்ட மருத்துவமனைதோறும் இதற்கென்று படுக்கை, மனநல மருத்துவர், ஆலோசகர் வேண்டும் என்பதே கிராம சபையில் அவர்கள் கேட்கும் தீர்மானம்.

சாலைக்கும் தண்ணீருக்கும் தொண்டை கிழியப் பேசுகிறவர்கள், குடிப் பேச்சு வந்தால் ‘அது அவங்க வீட்டு விஷயம்’ என்று நழுவுகிறார்கள். இந்த முறையும் நழுவினால், அடுத்த இழப்பீட்டுப் பட்டியலில் யார் வீட்டுப் பெயர் என்று பிறகு கேட்க வேண்டாம் என்கிறார்கள் அந்தப் பெற்றோரும் ஆசிரியர்களும். இன்றைக்கே உதவி தேவைப்படுகிற வீட்டுக்கு 14446 என்ற இலவச எண் இருக்கிறது.