கெளரியும் கௌரியும்: காணாமலாக்கப்பட்டோர் பட்டியல்களைக் கணினியில் சேர்ப்பவர்களுக்கு

செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் 2025இல் நடந்த அகழ்வுகளில் 200க்கும் மேற்பட்ட எலும்புத் தொகுதிகள் அடையாளம் காணப்பட்டன. ஓகஸ்ட் 5ஆம் திகதி, அங்கு மீட்கப்பட்ட உடைகளும் பொருட்களும் நீதிமன்ற உத்தரவின்படி மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. இவர்கள் யார் என்ற கேள்விக்கு விடை தேட இரண்டு பக்கமும் ஒழுங்கான பதிவு வேண்டும். மண்ணுக்குள் இருந்து வந்தவற்றுக்கு இலக்கமிட்டுப் பதிந்திருக்கிறார்கள். தேடுகிறவர்கள் பக்கத்துப் பதிவு எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஒரே தாய் ஒரே பிள்ளைக்காக எத்தனை இடத்தில் முறைப்பாடு கொடுத்திருப்பார்? பொலிஸில், மனித உரிமைகள் ஆணைக்குழுவில், 2013இல் அமைக்கப்பட்ட பரணகம ஆணைக்குழுவில், 2018இல் இயங்கத் தொடங்கிய காணாமல்போனோர் அலுவலகத்தில், போதாததற்கு உறவுகளின் சங்கத்திலும். ஒவ்வோர் இடத்திலும் வேறொருவர் கேட்டார், வேறு மொழியில், வேறு எழுத்துக்கூட்டலில் எழுதினார். அரசு தரப்பிலிருந்து எண்ணிக்கை பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் ‘ஒரே பெயர் பல தடவை வந்திருக்கிறது’ என்ற வாதமும் கூடவே வருகிறது. அதற்குப் பதில் சொல்ல எங்கள் கையிலும் சோதித்துப் பார்த்த பட்டியல் இருக்க வேண்டும்.

நான் யாழ்ப்பாணத்தில் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். வடமராட்சியில் ஒரு சிறிய உறவுகள் குழுவின் பழைய பட்டியல்களை ஒன்றாக்கிக் கொடுக்க ஒப்புக்கொண்டேன். ஒரு பின்னேர வேலை என்று நினைத்தேன். பைதனில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, பெயரும் ஊரும் ஒத்துப்போனால் இரண்டு வரிகளில் ஒன்றை நீக்கும்படி செய்தேன். அடுத்த கூட்டத்தில் பெயர்களை உரக்க வாசித்து முடித்ததும் பின்வரிசையில் இருந்த ஓர் அம்மா, “தம்பி, என்ர மகன்ர பேரை வாசிக்கேல்லையே” என்றார். அதே ஊரில், அதே முதலெழுத்தும் பெயரும் கொண்ட இன்னொரு பிள்ளையும் காணாமலாக்கப்பட்டிருந்தான். இருவரும் உறவுக்காரர், இரண்டு வயது வித்தியாசம். என் ஸ்கிரிப்ட் இருவரையும் ஒருவராக்கிவிட்டது. கணினியைக் குற்றம் சொல்ல முடியாது, அழிக்கச் சொன்னது நான்தான்.

அன்றிலிருந்து சோதனைகளை முதலில் எழுதிவிட்டுத்தான் ஸ்கிரிப்ட்டைத் தொடுகிறேன். முதலாவது சோதனை மிகச் சாதாரணமானது: உள்ளே போன வரிகள் எத்தனையோ, அத்தனையும் வெளியே வரவேண்டும். ஒன்று குறைந்தாலும் ஓட்டம் அந்த இடத்திலேயே நிற்கும். எந்த வரியையும் நீக்க ஸ்கிரிப்ட்டுக்கு உரிமை இல்லை. ‘இவை இரண்டும் ஒருவராக இருக்கலாம்’ என்று ஒரு நிரலில் குறித்து வைக்கலாம், அவ்வளவுதான். தீர்மானிப்பது குடும்பத்தோடு பேசிய மனிதர். அவர் எப்போது, எதை வைத்துத் தீர்மானித்தார் என்பதும் பதிவாக வேண்டும்.

இனித் தமிழின் தலையிடிகள். எங்களுடைய பழைய பட்டியல்களில் பெரும்பாலானவை பாமினி எழுத்துருவில் தட்டச்சானவை. பாமினியில் ‘அம்மா’ என்று தெரிவது கணினிக்குள்ளே நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் குப்பைபோலத் தெரியும், அப்படி ‘பழுதான கோப்பு’ என்று தூக்கி வீசப்பட்டவையும் உண்டு. யுனிகோட்டுக்கு மாற்றும்போது வேறு வில்லங்கம். பாமினியில் ஔகாரத்துக்கும் ளகரத்துக்கும் ஒரே விசை. ஆகவே கௌரி சில மாற்றிகளில் ‘கெளரி’ ஆகிவிடுவார். கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்று, கணினிக்கு இரண்டு பெண்கள். ‘கொ’வில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். ‘ஸ்ரீ’யும் அப்படித்தான், ஸகரத்தில் தொடங்குவது ஒன்று, பின்னர் யுனிகோட்டில் சேர்க்கப்பட்ட ஶகரத்தில் தொடங்குவது மற்றொன்று. யுனிகோட் சீராக்கம் என்ற வழக்கமான கட்டளை ஒகரச் சிக்கலைத் தீர்க்கும். கௌரியையும் ஸ்ரீயையும் அது தொடாது, தனியாக விதி எழுத வேண்டும். இப்படி அகப்பட்ட ஒவ்வொரு பிழையையும் ஒரு சோதனையாக எழுதிச் சேர்த்துக்கொண்டே போகிறேன். அடுத்த தடவை மாற்றியில் கை வைத்தால் பழைய பிழை திரும்பி வந்ததா என்று சில விநாடிகளில் தெரிந்துவிடும்.

அடையாள அட்டை இலக்கம் எனக்கு இன்னொரு பாடம் தந்தது. பழைய இலக்கத்தில் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாம் நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்படும். ‘ஆண்’ என்று குறித்த வரியில் அந்த மூன்று இலக்கங்கள் 500ஐத் தாண்டுகின்றனவா என்று ஒரு சோதனை வைத்தேன். தாண்டியவை பலவற்றில் மகனுடைய இலக்கத்துக்குரிய இடத்தில் முறைப்பாடு கொடுத்த தாயின் இலக்கம் இருந்தது. அதை வைத்துப் பிறந்த ஆண்டைக் கணித்தால் இளைஞன் ஒருவன் முதியவராகிவிடுவான். எலும்பை ஆராய்ந்து வயதை மதிப்பிடும் ஒருவருக்கு இந்தப் பட்டியலைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். திகதிகளும் அப்படியே. 05/04/1996 என்பது ஏப்ரல் ஐந்தா, மே நான்கா? எக்ஸெல் தன்பாட்டில் ஒன்றைத் தெரிவு செய்துவிடும். எனவே எழுதியிருந்தபடியே ஒரு நிரலிலும், எங்கள் விளக்கத்தை வேறு நிரலிலும் வைத்திருக்கிறோம்.

ஒரே பெயர் பல பட்டியல்களில் இருப்பது ஒரு குறையே அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். மனித உரிமைத் தரவு ஆய்வுக் குழுவும் உண்மைக்கும் நீதிக்குமான சர்வதேசச் செயற்திட்டமும் 2018இல் இதே வழியில்தான் போயின. 2009 மே நடுப்பகுதியில் சரணடைந்து காணாமலாக்கப்பட்டோர் சுமார் 500 பேர் என்று, பல பட்டியல்களை ஒப்பிட்டு மதிப்பிட்டன. எந்தப் பெயர் எத்தனை பட்டியல்களில் வருகிறது என்பதை வைத்து, எந்தப் பட்டியலிலும் வராதவர்கள் எத்தனை பேர் இருக்கலாம் என்று கணிக்கும் முறை அது. இரண்டு பேரைத் தவறாக ஒருவராக்கினால் மதிப்பீடு குறையும். ஒருவரை இருவராக விட்டால் கூடும். மேலதிகம் என்று நாங்கள் அழித்துவிடும் வரி, கணக்குப் போடுகிறவருக்குச் சான்று.

காப்புப்பிரதி பற்றிச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் முகில் சேவை கப்பம் கேட்கும் மென்பொருளால் தாக்கப்பட்டபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் மீட்க முடியாமல் போயின. அந்தக் காலத்துக்குக் காப்புப்பிரதியே இருக்கவில்லை, அமைச்சரவை அலுவலகமும் பாதிக்கப்பட்டது. அரசுக்கே இந்தக் கதி என்றால் சங்கத் தலைவியின் வீட்டு மடிக்கணினிக்கு என்ன உத்தரவாதம்? நான் மாதத்துக்கு ஒரு தடவை காப்புப்பிரதியை வேறொரு கணினியில் திறந்து, வரிகளை எண்ணி, மூலத்தோடு ஒப்பிட ஒரு ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறேன். மீட்டுப் பார்க்காத பிரதியைக் கணக்கில் எடுப்பதில்லை.

இளம் மென்பொருளாளர்களிடம் ஒரு வேண்டுகோள். உண்மையான பெயர்களைச் சோதனைத் தரவாகப் பயன்படுத்த வேண்டாம். கற்பனைப் பெயர்களே போதும். கிட்ஹப்பில் ஸ்கிரிப்ட்டை ஏற்றுங்கள், பட்டியலை ஏற்றாதீர்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்துரு மாற்றியில் முழுப் பட்டியலையும் ஒட்டுவதும் கூடாது, அது யாருடைய சேவையகத்துக்குப் போகிறது என்று உங்களுக்குத் தெரியாது. முறைப்பாடு கொடுத்ததற்காகவே வீட்டுக்கு ஆள் வந்து விசாரித்த அனுபவம் இங்கே பலருக்கு இருக்கிறது.

இப்போது பட்டியலில் ஒரு நிரலைக் கூட்டியிருக்கிறோம்: மரபணு மாதிரி கொடுக்கக்கூடிய நெருங்கிய உறவு யார், எங்கே இருக்கிறார். அது வெறுமையாக இருக்கும் வரிகளையும், அங்கே குறிக்கப்பட்டவர் 70 வயதைக் கடந்த வரிகளையும் ஸ்கிரிப்ட் வாரந்தோறும் முன்னுக்குக் கொண்டுவருகிறது. சனிக்கிழமைகளில் யாருடைய வீட்டுக்கு முதலில் போவது என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறோம்.