“எப்படித் தெரியும், தாத்தா?”

அப்பா பள்ளியில் படித்தபோது, சிங்கப்பூரின் வரலாறு 1819ல் ராஃபிள்ஸ் வந்திறங்கியதுடன் தொடங்கியதாம். உயர்நிலை ஒன்றில் படிக்கும் என் தம்பியின் பாடத்திலோ, அது ஏறத்தாழ 500 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. இந்த வாக்குவாதத்துக்கு முடிவுகட்ட, பள்ளி விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாத்தாவையும் அழைத்துக்கொண்டு குடும்பமாக நடக்கக் கிளம்பினோம்.

சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் நடையைத் தொடங்கினோம். ஒரு காலத்தில் அங்கே சுமார் மூன்று மீட்டர் உயரப் பாறை ஒன்று இருந்தது. அதில் ஏறத்தாழ 50 வரிகள் பொறிக்கப்பட்டிருந்தன. 1843ல் கட்டுமானப் பணிக்காக ஆங்கிலேயர் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

“அதுல இருந்தது தமிழ் எழுத்துதான். வாட்ஸ்அப்பில் வந்ததே!” என்றார் தாத்தா.

“எப்படித் தெரியும், தாத்தா?” என்றான் தம்பி. தாத்தா முகம் சுருங்கியது.

அடுத்து ஃபோர்ட் கேனிங் குன்றில் ஏறினோம். 1928ல் அங்கே நீர்த்தேக்கம் கட்டத் தோண்டியபோது, 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஜாவா பாணித் தங்க நகைகள் கிடைத்தன. 1984ல் ஜான் மிக்சிக் நடத்திய அகழாய்வில் சீனப் பீங்கான் துண்டுகளும் கண்ணாடி மணிகளும் வெளிவந்தன. சீனப் பயணி வாங் டாயுவான் 1349ல் எழுதிய நூலிலும் தெமாசெக் இடம்பெறுகிறது. மண்ணும் ஏடும் ஒரே கதையைச் சொல்வதைக் கண்ட அப்பா, தம்பியின் பாடம்தான் சரி என்று ஒப்புக்கொண்டார்.

கடைசியாகத் தேசிய அரும்பொருளகம். தகர்க்கப்பட்ட பாறையின் ஒரு துண்டு அங்கே இருக்கிறது. தாத்தா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நெடுநேரம் உற்றுப் பார்த்தார்.

“ஓர் எழுத்துகூடப் புரியலையேப்பா.”

“அப்படின்னா அது தமிழ் இல்லை!” என்றான் தம்பி. அதுவும் அவசர முடிவுதான் என்றேன். பழந்தமிழ் எழுத்துகளையே நம்மால் இன்று எளிதில் படிக்க முடியாது. இந்தக் கல்வெட்டைப் பற்றி அறிஞர்கள் பழைய ஜாவானியம், சமஸ்கிருதம், தமிழ் எனப் பல கருத்துகளை முன்வைத்திருக்கிறார்கள். எதுவும் இன்னும் உறுதியாகவில்லை.

நம் மொழியின் பெருமையைப் பேச ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால், ஆதாரம் இல்லாததை அடித்துப் பேசினால், ஆதாரம் உள்ளதையும் பிறர் நம்பமாட்டார்கள். இந்த வட்டாரத்துடன் இந்தியத் துணைக்கண்டத்துக்கு இருந்த உறவைச் சொல்ல, போலிச் செய்திகள் தேவையில்லை. சிங்கப்பூரின் பலசாலி படாங்குடன் மோத கலிங்க நாட்டு மல்லன் ஒருவன் வந்ததாக ‘செஜாரா மெலாயு’ கூறுகிறது. அது புராணக்கதையாக இருக்கலாம். ஆனால், வங்கக் கடலுக்கு அப்பாலிருந்து வந்தவர்கள் மலாய் மக்களின் நினைவில் இடம்பிடித்திருந்தார்கள் என்பதை அந்தக் கதை காட்டுகிறது.

நண்பர்களே, அடுத்த விடுமுறையில் ஆற்றிலிருந்து அரும்பொருளகம்வரை நடந்து பாருங்கள். வீட்டுப் பெரியவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். யார் எதைச் சொன்னாலும், “எப்படித் தெரியும்?” என்று பணிவாகக் கேளுங்கள். சொல்லப்படுவது நம்மைப் பெருமைப்படுத்தும் செய்தியாக இருந்தால், இன்னொரு முறையும் கேளுங்கள்.