மலைப் பிரயாணமும் அடுப்பும்

கரிசற் பூமியாகிய குருவிகுளத்தில் வளர்ந்த நமக்கு மேற்கு மலைமேல் ஆசையுண்டாதல் இயல்பே. விடுமுறையில் மலையேறக் கருதிய மாணவ நண்பரொருவர், பலவகை எரிபொருளாலும் எரியும் கையடுப்பொன்று வாங்கலாமா என வினவினார். அவருக்குக் கூறியதையே ஈண்டு வரைகின்றேன்.

1892-இல் சுவீடன் தேசத்து லிண்ட்குவிஸ்ட் இயற்றிய பிரைமஸ் அடுப்பே இவ்வகைக்கு மூதாதை. எண்ணெயைக் காற்றழுத்தத்தால் மேலேற்றி, சூடேறிய குழாயில் ஆவியாக்கி எரிப்பது அதன் தத்துவம். பனிமலையில் பன்னாள் தங்குவோர்க்கு இஃது அருந்துணையாம்; பியூட்டேன் வாயு, நீர் உறையுங் குளிரில் ஆவியாக மாட்டாது.

நம் மலைகளில் அத்துணைக் குளிர் அரிதே. மண்ணெண்ணெயோ இந்நாளில் எளிதிற் கிடைப்பதன்று. பெட்ரோலோ ஒரு பொறிக்கே பற்றும். அன்றியும், இவ்வடுப்பை மூட்டுங்கால் சுவாலை மேலெழும். 2018 மார்ச்சு 11-ஆம் நாள் குரங்கணிக் காட்டுத்தீயிற் சிக்கி இருபதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். அத்தீ எதனால் மூண்டதாயினும், கோடையிற் காய்ந்த புல்லருகே நெருப்பை வைத்தல் எத்துணை அபாயம் என்பதை நாம் மறத்தல் தகாது.

ஆதலின், ஓரிரவு தங்குவோர்க்குச் சிறிய வாயு அடுப்பே சாலும் என்பது என் துணிபு. அதனையும் கூடாரத்துள் ஏற்றலாகாது. கார்பன் மோனாக்சைடு மணமின்றிக் கொல்லும். வனத்துறையார் நெருப்பை விலக்கிய இடத்தில் எவ்வடுப்பும் வேண்டா. நம் அன்னையர் கட்டித்தரும் புளிச்சோறு இருக்க, பசிக்கு அஞ்சுவானேன்?