எல்லைப்புறப் போரும் எளிய குடிகளும்

பொருட்பாலில் அரசர்க்குரியன கூறப் புகுந்த திருவள்ளுவர், வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து அமைத்தார். படையெடுப்பைத் திட்டமிடுவோர்க்கு இம்மூன்றும் இன்றியமையாதன. ஆயினும், நாட்டின் எல்லையோர மலைகளில் மறைந்து போரிடும் கூட்டத்தார்மீது படை செலுத்துங்கால், இவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கது மற்றொன்றுண்டு. அஃது ஆங்கு வாழும் குடிகளின் நிலையாம். இதற்கு வசீரிஸ்தானத்தின் வரலாறே சான்று.

ஆப்கானிஸ்தானத்தை ஒட்டிக் கிடக்கும் இம்மலைநாட்டில், 1936ஆம் ஆண்டு இப்பி பக்கீர் என்பார் ஆங்கில ஆட்சியை எதிர்த்து எழுந்தனர். பல்லாயிரம் போர்வீரரும் ஆகாய விமானங்களும் ஏவப்பட்டன. ஊரைவிட்டு நீங்குமாறு துண்டுப் பிரசுரங்களை வீசியபின் குண்டுகளையும் வீசினர். வீடிழந்தோர் பலர், பக்கீரோ 1960இல் இறக்கும்வரை எவர் கையிலும் அகப்பட்டிலர். ஒருவன் செய்த குற்றத்திற்கு அவன் குலத்தார் அனைவரையும் ஒறுக்க இடந்தந்த 1901ஆம் ஆண்டின் எல்லைப்புறக் குற்றச்சட்டம், ஆங்கிலேயர் அகன்ற பின்னரும் 2018 வரை அந்நாட்டைவிட்டு அகலவில்லை.

பாகிஸ்தான் அரசு 2014ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள் வட வசீரிஸ்தானத்தில் பெரும் படையெடுப்பொன்றைத் தொடங்கிற்று. முதலில் விமானத் தாக்குதல். ஜூன் 30இல் தரைப்படையின் முன்னேற்றம். இடைப்பட்ட சின்னாட்களில், கடுங்கோடையில், குழந்தைகளையும் ஆடுமாடுகளையும் உடன்கொண்டு மக்கள் பன்னு நகரை நோக்கி நடந்தனர். இடம் பெயர்ந்தோர் தொகை ஏறத்தாழப் பத்து லட்சம். அவர்களுட் பெரும்பாலோர்க்கு அரசின் முகாம் அன்று, உறவினர் இல்லங்களும் பள்ளிக்கூடங்களுமே புகலிடமாயின. தீவிரவாதத் தலைவர் பலர் முன்னரே எல்லை கடந்து தப்பினர் எனப் பேசப்பட்டது.

இங்ஙனம் கூறுதலாற் படையெடுப்பே தகாதென்பது எம் கருத்தன்று. அவ்வாண்டு டிசம்பர் 16ஆம் நாள் பெஷாவர் பள்ளியொன்றிற் புகுந்து, 140க்கு மேற்பட்டோரை, அவருள்ளும் பெரும்பாலும் சிறாரை, கொன்ற கொடியோர்முன் எவ்வரசும் வாளா இருத்தல் இயலாது. முன்னறிவித்தாற் பகைவர் விழித்துக்கொள்வர் எனப் படைத்தலைவர் கூறுவதும் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால், தாக்கும் நாளை மறைக்கலாம். உணவும் நீரும் கூடாரமும் மருந்தும் பன்னுவிற் சேமித்து வைத்தலைப் பகைவர் அறியின் கேடென்னை? மேலும், அம்மக்கள் ஊர் திரும்பத் தொடங்கியது 2015ஆம் ஆண்டிலேயாம். திரும்பியோர் பலர் கண்டவை இடிந்த வீடுகளும் பாழ்பட்ட கடைவீதிகளுமே. 2021ஆம் ஆண்டு தாலிபான்கள் காபூலைக் கைக்கொண்டபின் அம்மாவட்டங்களிற் கொலையும் தாக்குதலும் மீண்டும் பெருகின. வென்ற நிலம் வென்றபடி நிற்கவில்லை.

மலையைப் பிடித்தல் படையால் முடியும். பிடித்ததைக் காத்தல் அம்மலையில் வாழ்வோர் துணையின்றி முடியாது. பகைவன் வரவைக் கண்டு சொல்ல வேண்டியவனும் அவ்வூரானே. தன் வீட்டை இடித்தவனுக்கு அவன் எங்ஙனம் துணையாவான்? ஆதலின், எத்தனை பீரங்கி என்று கணக்கிடும் அதே ஏட்டில், எத்தனை குடும்பம், எங்கே தங்கும், என்று திரும்பும், எவ்வகை நீதிமன்றத்தை அணுகும் என்பனவும் முதற்கண் எழுதப்படல் வேண்டும். இவை எழுதப்படாத திட்டம் போர்த்திட்டமாகாது. அடுத்த போருக்கு இட்ட வித்தேயாகும்.