நீலிக் கண்ணீரும் வயிற்றெரிச்சலும்

சென்ற மாதம் நாகர்கோவிலில் நடந்த ஒரு நூல் விமர்சனக் கூட்டத்தில், நான் மதிக்கும் சிறுகதையாளர் ஒருவர் பேச்சின் போக்கில் ஒரு கருத்தைச் சொன்னார். நோய் என்பது மனம் உடலின்மேல் எழுதும் கவிதை என்பது அதன் சாரம். அரங்கில் கைதட்டல் எழுந்தது. எனக்கு முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் அதை உடனே குறித்துக்கொண்டார். எனக்குக் கை எழவில்லை. பிறகு தேநீர்க் கடையில் வைத்து மென்மையாக மறுத்தேன். "நீங்க ரொம்ப நேரடியா எடுத்துக்கிடுதீங்க" என்று நண்பர் சிரித்தார். நான்கு பேர் கூடி நின்ற இடத்தில் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன். சற்றுக் கடுமையாகவே எழுதப்போகிறேன், பொறுத்தருள்க.

என் அம்மை ஆரல்வாய்மொழிக்காரி. ஊரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: திருநெல்வேலியிலிருந்து வரும் சாலை நாஞ்சில்நாட்டுக்குள் நுழையும் கணவாய் அது. ஆனி ஆடியில் தென்மேற்குக் காற்று மலைகளின் இடைவெளியைக் கண்டுபிடித்துப் பீறிடும். கதவைத் திறந்தால் பிறகு மூட ஆள் வேண்டும். சற்றுக் கிழக்கே முப்பந்தல். அங்கே இசக்கியம்மன் கோவில் இருக்கிறது. அதைச் சுற்றி இன்று இந்தியாவின் மிகப்பெரிய காற்றாலைத் தொகுதிகளுள் ஒன்றும் நிற்கிறது.

அப்பா செங்கல் சூளையில் கணக்கெழுதியவர். 1998இல் போய்விட்டார். அம்மை தோவாளைச் சந்தைக்குப் பூக் கட்ட ஆரம்பித்தாள். விடிவதற்கு முன்பே பூ வந்திறங்கும். வெறும் வயிற்றில் கட்டன்சாயாவைக் குடித்துவிட்டுத் திண்ணையில் அமர்ந்தால் எழுந்திருக்க எட்டு மணியாகும். அடுத்த வருடம் அவளுக்கு வயிறு எரியத் தொடங்கியது. "தீக்கங்கை வச்சதுமாதிரி இருக்கு மக்கா" என்பாள். ரத்தம் பார்த்தார்கள், இதயத்தைப் பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். "ரிப்போர்ட் எல்லாம் நார்மல். உங்களுக்கு உடம்புல ஒண்ணுமில்லம்மா, எல்லாம் மனசுதான். கோயில் குளம்னு போயிட்டு வாங்க" என்றார் ஒரு மருத்துவர். பெயர் வேண்டாம். அவருக்கு அடுத்தவரும் அதையே சொன்னார், தூக்க மாத்திரை ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்து. வீட்டில் அத்தைமார் இதை வேறு மொழியில் சொன்னார்கள்: "அவளுக்கு ஒண்ணும் இல்ல. எல்லாவனும் அவளையே பாக்கணும். நீலிக் கண்ணீரு."

2005 அக்டோபரில், வயிற்றுப் புண்ணுக்குக் காரணமான கிருமியைக் கண்டறிந்த பாரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் மருத்துவ நோபல் என்று நாளிதழில் படித்தேன். எனக்கு அப்போதுதான் உறைத்தது. நானும் ஆறு வருடமாக அம்மையிடம் "மனசைப் போட்டு அலட்டாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தவன்தான் என்பதை மறைக்க விரும்பவில்லை. 2006 தொடக்கத்தில் எண்டோஸ்கோப்பி செய்தோம். முன்சிறுகுடலில் புண் இருந்தது, கிருமியும் இருந்தது. பதினான்கு நாள் மாத்திரைகள். சில வாரங்களில் எரிச்சல் போயிற்று.

இதில் என்னை இன்றும் கொதிக்கவைப்பது காலக்கணக்கு. மார்ஷலும் வாரனும் பெர்த் நகரில் அந்தக் கிருமியை வளர்த்தெடுத்தது 1982இல். யாரும் நம்பாததால் மார்ஷல் 1984இல் கிருமிக் கரைசலைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். அம்மைக்கு "மனசுதான்" என்று தீர்ப்பு வழங்கப்பட்டபோது அதற்குப் பதினைந்து வருடம் கடந்திருந்தது. கிருமியைத் தேட அவர்களுக்கு ஏன் தோன்றவில்லை? விடை ஏற்கெனவே கைவசம் இருந்ததுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது.

அந்த விடைக்கு ஒரு வரலாறு உண்டு. சிகாகோவில் ஃப்ரான்ஸ் அலெக்சாண்டர் என்ற உளப்பகுப்பாய்வாளர் 1950இல் உளவழி உடல்நோய்களைப் பற்றிப் புகழ்பெற்ற நூலொன்றை எழுதினார். ஏழு நோய்களை அவருடைய மரபு மனத்தின் கணக்கில் எழுதியது. ஆஸ்துமா, ரத்தக் கொதிப்பு, முடக்குவாதம் ஆகியவற்றோடு வயிற்றுப் புண்ணும் அதில் உண்டு. பிறரால் பேணப்பட வேண்டும் என்ற அடக்கிவைத்த ஏக்கமே குடலில் புண்ணாகிறது என்றார். எவ்வளவு அழகான கருத்து! சிறுகதைக்கு இதைவிட நல்ல முடிச்சு கிடைக்காது. 1958இல் ஜோசப் பிராடி குரங்குகளை ஜோடி ஜோடியாக வைத்துச் சோதித்து, மின்னதிர்ச்சியைத் தவிர்க்க நெம்பை அழுத்தும் பொறுப்புள்ள குரங்குக்கே புண் வருகிறது என்றார். பொறுப்பும் பதற்றமும் மிக்க நிர்வாகியின் நோய் அல்சர் என்ற சித்திரம் உலகெங்கும் பரவியது. பிற்பாடு எலிகளை வைத்து ஜே வைஸ் செய்த சோதனைகள் நேரெதிர் விடையைத் தந்தன. எதையும் கட்டுப்படுத்த முடியாத எலிக்கே புண் அதிகம். பிராடி தன் குரங்குகளைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுக்கவில்லை. சீக்கிரம் கற்றுக்கொண்ட குரங்கையே நிர்வாகியாக்கினார். அதுதான் பிழை. ஆனால் திருத்தம் யாருக்கு வேண்டும்? குரங்குக் கதை இன்றும் சுயமுன்னேற்ற நூல்களில் உலவிவருகிறது.

நம் மாவட்டத்திலேயே இந்தக் கதைக்கு மறுப்பு கிடந்தது. நெய்யூர் லண்டன் மிஷன் மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் ஹோவர்ட் சாமர்வெல்லை இங்கே பலர் அறிவார்கள். 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் பங்கேற்றவர், கரண்டியோடும் தூரிகையோடும் ஒருங்கே பழகிய கை. தென்திருவிதாங்கூரின் வயிற்றுப் புண்காரர்களைக் கூட்டம் கூட்டமாக அவர் அறுத்துச் சீராக்கினார். 1936இல் சக மருத்துவர் ஓருடன் சேர்ந்து பிரிட்டனின் அறுவை மருத்துவ இதழில் அந்த அனுபவத்தை எழுதினார். அவர் மேசையில் படுத்தவர்கள் நிர்வாகிகள் அல்லர், மரச்சீனிக் கிழங்கையும் மிளகாயையும் தின்று பிழைத்த ஏழைகள். சாமர்வெல் உணவின்மேல் ஐயம் கொண்டார். அவருடைய ஊகமும் முழுமையல்லதான். ஆனால் அவர் வயிற்றைத் திறந்து பார்த்தார், என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார். அம்மையைப் பார்த்த மருத்துவர்களில் ஒருவர்கூட அவள் எத்தனை மணிக்கு எழுகிறாள், எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறாள் என்று கேட்கவில்லை.

ஆகவே மனத்துக்கும் உடலுக்கும் தொடர்பில்லை என்கிறாயா என்று நண்பர் கேட்பார். இல்லை. தொடர்பை நான் அவரைவிடத் தீவிரமாக நம்புகிறேன். அதனால்தான் அதைக் கவிதையாக்குவது எனக்கு ஒவ்வவில்லை.

1990இல் ஜப்பானிய மருத்துவர்கள் ஓர் இதயக் கோளாறை விவரித்தார்கள். கடுமையான துக்கமோ அதிர்ச்சியோ நேர்ந்தபின், அடைப்பு ஏதும் இல்லாமலேயே இதயத்தின் இடக்கீழறை பலவீனமாகிப் புடைக்கிறது. அந்த வடிவம் சாக்குக்கணவாய் பிடிக்கும் பானையைப் போலிருப்பதால் டகோட்சுபோ என்று பெயரிட்டார்கள். பெரும்பாலும் மாதவிலக்கு நின்ற பெண்களுக்கே வருகிறது. 2004இல் நீகாட்டா நிலநடுக்கத்தை ஒட்டி இது அங்கே அதிகமானது. துக்கம் இங்கே உருவகமாக இல்லை. படம் எடுத்துக் காட்டக்கூடிய, சில சமயம் ஆளைக் கொல்லக்கூடிய நிகழ்வாக இருக்கிறது.

இன்னொரு சான்று எங்கள் ஊர்க் காற்றாடிகளை நினைவூட்டுவது. ஆஸ்திரேலியாவில் காற்றாலைகளின் அருகே வசித்த சிலர் தலைவலி, தூக்கமின்மை, குமட்டல் என்று முறையிட்டார்கள். காதுக்கு எட்டாத தாழ்வொலியைக் குற்றஞ்சாட்டினார்கள். சிட்னியின் சைமன் சாப்மன் 51 காற்றாலைகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார். பெரும்பான்மை ஆலைகளில் ஒரு முறையீடுகூட இல்லை. முறையிட்டவர்களில் மிகப் பெரும்பாலோர், காற்றாலை எதிர்ப்பாளர்கள் உடல்நலத்தைப் பேச ஆரம்பித்த 2009க்குப் பின்னரே முறையிட்டார்கள். ஆக்லாந்தில் ஃபியோனா கிரிக்டன் குழுவினர் 54 பேரை வைத்துச் சோதித்தார்கள். ஒரு பாதியினருக்கு முதலில் இணையத்தில் உலவும் அச்சமூட்டும் காணொலிகளைக் காட்டினார்கள். பிறகு பத்து நிமிடம் தாழ்வொலி, பத்து நிமிடம் வெறும் மௌனம். அவர்களுக்கு இரண்டு முறையும் உடல் தொந்தரவுகள் வந்தன. மற்றப் பாதியினருக்கு அப்படி நேரவில்லை. எங்கள் ஊரில் காற்றாடி மழைமேகத்தை விரட்டுகிறது என்ற புகாரைக் கேட்டிருக்கிறேன், தலைசுற்ற வைக்கிறது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அந்தக் காணொலி இங்கே வரவில்லை போலும்.

இந்த ஆய்வைச் சொன்னதும் நம் பகுத்தறிவு நண்பர்கள் "பார்த்தீர்களா, எல்லாம் பிரமை" என்று குதிப்பார்கள். அவசரப்பட வேண்டாம். அந்த மனிதர்கள் பொய் சொல்லவில்லை. தலை உண்மையாகவே வலித்தது. எதிர்பார்ப்பு வலியை உண்டாக்கும் என்பதுதான் கண்டுபிடிப்பு. அதைக் கண்டுபிடிக்க மௌனத்தையும் தாழ்வொலியையும் தனித்தனியே வைத்துச் சோதிக்க வேண்டியிருந்தது. மனம்தான் காரணம் என்பது கிருமிதான் காரணம் என்பதைப் போன்றே நிரூபிக்க வேண்டிய ஒரு கூற்று. பரிசோதனைச் சீட்டில் எல்லாம் காலியாக இருந்தால் கடைசியில் எழுதிக்கொள்ளும் பெயர் அல்ல அது. வயிற்றுப் புண்ணுக்கே டென்மார்க்கில் நடத்தப்பட்டு 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு, கிருமி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மன அழுத்தம் புண் வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது என்று காட்டியது. சரி, ஏற்றுக்கொள்வோம். மனம் இப்போது வரிசையில் நின்று அனுமதிச்சீட்டு வாங்கி உள்ளே வந்திருக்கிறது. அலெக்சாண்டரின் காலத்தில் அது மாப்பிள்ளையைப்போல வந்து நாற்காலியில் அமர்ந்திருந்தது.

இனி நீலிக்கு வருகிறேன். முப்பந்தல் இசக்கியை எங்கள் பக்கத்து வில்லுப்பாட்டு நீலி என்றுதான் பாடுகிறது. கொலையுண்ட பெண் மறுபிறவியில் கள்ளிக் கொம்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்து, தன்னைக் கொன்றவனைத் தேடிவந்து, ஊராரின் முன் அழுது நியாயம் கேட்கிறாள். ஊரார் அந்தக் கண்ணீரை நம்பிவிடுகிறார்கள், அவன் அழிகிறான். இந்தக் கதையிலிருந்து மொழி எதை எடுத்துக்கொண்டது என்று பாருங்கள். அவள் கொல்லப்பட்டதை எடுத்துக்கொள்ளவில்லை. நம்பாதே, நடிக்கிறாள் என்பதை எடுத்துக்கொண்டது. வயிற்றெரிச்சல் என்ற சொல்லும் அவ்வாறே. எரிகிறது என்று ஒருத்தி சொன்னால், யார்மேல் என்று கேட்கும் மொழி நம்முடையது. உடல்நோவைக் குணக்கேடாக மாற்றிவிட நமக்கு உளவியல் தேவைப்படவில்லை, நிகண்டே போதுமானதாக இருந்திருக்கிறது.

பெங்களூர் நிம்ஹான்ஸில் ரகுராமும் சகாக்களும் மனச்சோர்வுற்ற 80 பேரிடம் பேசி 1996இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். துயரத்தைத் துயரமாகச் சொன்னவர்கள் அதிக அவமானத்தை உணர்ந்தார்கள். உடல்வலியாகச் சொன்னவர்களுக்கு அவமானம் குறைவு. சோகம் என்றால் கல்யாணம் தடைப்படும், மூட்டுவலி என்றால் எல்லாருக்கும் வருவது. ஆகவே மனநோவைக் கொண்டு வருகிறவளும் முதுகைத்தான் தொட்டுக் காட்டுவாள். அவளிடம் "முதுகில் ஒன்றுமில்லை, மனசுதான்" என்று எழுந்து போகச் சொல்வது, அவள் அரும்பாடுபட்டு மறைத்ததைக் கூட்டத்தில் உரக்கச் சொல்லிவிட்டு, அதற்கு மருந்தும் தராமல் அனுப்புவதாகும். புண் உள்ளவளுக்கும் அநீதி, துயர் உள்ளவளுக்கும் அநீதி. இரண்டு பேருக்கும் ஒரே வாக்கியம்.

கோவிலுக்குப் போகச் சொல்லும் மருத்துவர்களையும், சாமியாட்டத்தைப் பெண்விடுதலைப் படிமமாக்கும் நம் விமர்சகர்களையும் பற்றி ஒரு சொல். அதே ரகுராம் குழு 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில், தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோவிலில் தங்கிய 31 பேரைப் பற்றி எழுதியது. சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள், நோய்க்குறிகள் ஏறக்குறைய 20 விழுக்காடு தணிந்தன. பெரிய சடங்கு ஏதும் நடத்தப்படவில்லை. ஒரு துணையுடன் தங்கினார்கள், கோவில் வேலைகளைச் செய்தார்கள், யாரும் அவர்களைத் தாழ்த்தவில்லை. நான் இதை மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முந்தைய வருடம், 2001 ஆகஸ்ட் 6 அன்று, ஏர்வாடியில் தர்காவை அண்டி நடந்த காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் மாண்டவர்களும் சேர்த்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியிடுவதைச் சட்டம் வெளிப்படையாகத் தடைசெய்ய 2017 வரை ஆயிற்று. ஓரிடத்தில் துணையாக இருந்தது இன்னோரிடத்தில் சங்கிலியாக இருந்தது. நம்பிக்கை இரண்டிலும் இருந்தது. வேறுபாடு, நோயாளியை யார் எப்படி நடத்தினார்கள் என்பதில். மனத்தின் மகிமையைப் பாடும் நம் கட்டுரைகளில் இந்தக் கணக்கை நான் பார்த்ததேயில்லை.

அம்மை இசக்கிக்கு நேர்ந்துகொண்டாள்தான். நான் அதைக் குறையாகச் சொல்லமாட்டேன். எங்கே எரிகிறது, எப்போதிலிருந்து என்று அங்கே ஆடிவந்த கிழவி கேட்டாளாம். மருத்துவர்கள் கேட்க மறந்த இரண்டு கேள்விகள்.

ஏழு வருடம் அவளிடம் மனசு மனசு என்று சொன்னவர்கள் ஒருவர்கூட அந்த மனசைப் பற்றி அவளிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. புண் ஆறிய பிறகு நானும் கேட்கவில்லை, சோதனைச் சீட்டில் எல்லாம் சரியாகிவிட்டதல்லவா. அந்த ஆடியில் ஊருக்குப் போயிருந்தேன். இரவு இரண்டு மணிக்கு விழித்தபோது அவள் திண்ணையில் இருந்தாள். காற்று இரும்புக் கதவை ஆட்டிக்கொண்டிருந்தது.

"எரியுதாம்மா?"

"இல்ல மக்கா, வயிறு சொகமாட்டுதான் இருக்கு." சற்று நேரம் கழித்து, "சூளையிலருந்து அப்பா வரது இந்த நேரம்தான பாத்துக்கோ. கதவு ஆடினா எந்திரிச்சிருவேன்" என்றாள்.

எத்தனை நாளாக என்று கேட்டேன். அவர் போனதிலிருந்து என்றாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பூக்கூடை வந்திறங்கும்வரை பேசிக்கொண்டிருந்தாள்.