பந்து வராத நேரத்தில்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருத்தணிக்குப் போயிருந்தேன். சுவாமி தரிசனம் என்றுதான் வீட்டில் சொன்னேன். உண்மையில் என்னை வரச் சொல்லி அழைத்தது முருகன் அல்ல. என் பெரியம்மா பெண்.

"நீதான் பத்திரிகையிலே இருக்கியே, வந்து இவனைக் கொஞ்சம் பாரேன்" என்று டெலிபோனில் அழாத குறையாகச் சொன்னாள் அக்கா.

"இவன்" என்றது அவள் பிள்ளையை. வயது பதினாறு. பத்தாம் வகுப்புத் தேறிவிட்டான். மேலே படிக்க மாட்டேன், சென்னையில் தங்கிக் கிரிக்கெட் பழகப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். அதற்காகக் கழுத்துச் சங்கிலியை அடகு வைக்க அக்கா தயார். வாசல் கதவைப் பூட்டிவிட அவள் வீட்டுக்காரர் தயார். நடுவில் தீர்ப்புச் சொல்ல நான்! கல்லூரியில் நான் படித்ததோ சரித்திரம்.

நல்ல வேளை, கிளம்புமுன் எங்கள் காரியாலயத்து விளையாட்டு நிருபரிடம் ஒரு பாடம் கேட்டுக்கொண்டேன். அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஓர் ஆட்டம் உண்டல்லவா? அங்கே சின்ன லீகுகளில் ஆடும் பையன்களை எடை போடுவதற்கென்றே ஆட்கள் ஊர் ஊராகச் செல்கிறார்களாம். மைதானத்தின் கோடியில் நின்று பந்து பிடிப்பவனிடம் அவர்கள் ஐந்து விஷயங்களைப் பார்ப்பார்கள்: பந்து மட்டையில் படுகிறதா, அடியில் பலம் உண்டா, ஓட்டம் எப்படி, எறி எப்படி, பிடி எப்படி. ஒவ்வொன்றுக்கும் 20 முதல் 80 வரை மார்க்கு; 50 என்றால் நடுத்தரம்.

"ஐந்தையும் கண்ணால் பார்த்துவிடலாம். ஆறாவது ஒன்று இருக்கிறது. பந்து தன் பக்கம் வராதபோது பையன் என்ன செய்கிறான் என்று பாருங்கள்" என்றார் நண்பர்.

உடல் பலம் மட்டும் போதாது என்பதற்கு அவரே ஓர் உதாரணமும் சொன்னார். கூடைப்பந்தில் உலகப் புகழ் பெற்ற மைக்கேல் ஜோர்டான், 1994-ல் பர்மிங்ஹாம் பாரன்ஸ் என்ற சின்ன லீக் கோஷ்டியில் சேர்ந்து பேஸ்பால் ஆடினார். 127 ஆட்டங்கள். ஓட்டத்தில் சூரர், 30 தடவை எதிரிகள் அசந்த சமயம் பார்த்து அடுத்த நிலைக்கு ஓடிச் சேர்ந்தார். ஆனால் மட்டை பிடித்தபோது நூற்றுக்கு இருபது தடவைதான் அடி பலித்தது. மறு வருஷம் கூடைப்பந்துக்கே திரும்பிவிட்டார்.

இத்தனை ஞானத்துடன் திருத்தணி மைதானத்து வேப்ப மரத்தடியில் போய் உட்கார்ந்தேன். 1960-ல் இந்த ஊர் ஆந்திராவிலிருந்து நம் ராஜ்யத்துக்கு வந்துவிட்டது; பிள்ளைகளின் நாக்கு மட்டும் இன்னும் எல்லையிலேயே நிற்கிறது. "பிடிடா!" என்று ஒருவன் கத்தினால் "பட்டுக்கோ!" என்கிறான் இன்னொருவன்.

நம் பையன் நாற்பது ரன் அடித்தான். அக்காவின் கண்ணில் ஜலம் வந்துவிட்டது. நான் அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை. எல்லைக் கோட்டில் அவன் நின்றபோதுதான் கவனித்தேன். தினமும் விடியற்காலையில் மலைப்படி 365-ஐயும் ஓடி ஏறுகிற கால்கள் அல்லவா? மான் மாதிரி ஓடினான். எறிந்த பந்து கோடு போட்டாற்போல் விக்கெட் காப்பாளன் கைக்குப் போயிற்று. ஆனால் பந்து வேறு பக்கம் போனால் போதும், இடுப்பில் கை வைத்துக்கொண்டு சாலையில் போகும் பஸ்ஸை வேடிக்கை பார்க்கிறான்! அப்படி நின்ற ஒரு சமயத்தில்தான் சுலபமான கேட்ச் ஒன்று கை நழுவியது.

வீடு திரும்பியதும் அக்கா காப்பியைக் கையில் கொடுத்தாள். "சொல்லு, தேறுவானா?"

பதினாறு வயதில் யாரைத்தான் அளந்து சொல்ல முடியும்? சேலம் ஜில்லா சின்னப்பம்பட்டி நடராஜன் அந்த வயதில் கிராமத்தில் டென்னிஸ் பந்தில் ஆடிக்கொண்டிருந்தார். 2015-ல் ரஞ்சி ஆட்டத்தில் இறங்கினார். பந்து வீசும் முறை சரியில்லை என்று புகார் வந்தது. கையை மாற்றிப் பழகி, மறு வருஷம் டி.என்.பி.எல். போட்டியில் பெயர் எடுத்தார். 2017-ல் பஞ்சாப் கோஷ்டி அவரை மூன்று கோடிக்கு ஏலம் எடுத்தது. 2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் இந்தியாவுக்காக ஆடினார்.

ராபின் சிங் கதை இன்னும் விசேஷம். டிரினிடாடில் பிறந்து, சென்னைக்குப் படிக்க வந்தவர். 1988-ல் தமிழ்நாடு ரஞ்சிக் கோப்பை ஜயித்தபோது கோஷ்டியில் இருந்தார். 1989-ல் இந்தியாவுக்காக இரண்டே ஒருநாள் ஆட்டங்கள். பிறகு ஏழு வருஷம் யாரும் கூப்பிடவில்லை. 1996-ல் திரும்பி வந்து 2001 வரை ஆடினார். மொத்தம் 136 ஆட்டங்கள். அவர் பீல்டிங்கைப் பார்க்கவே ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் இந்தியக் கோஷ்டிக்கே பீல்டிங் ஆசிரியரானார்.

"அப்படின்னா அனுப்பிடலாம்!" என்று அக்கா எழுந்துவிட்டாள்.

"உட்கார் அக்கா, மறு பக்கத்தையும் கேள்" என்றேன். ஐ.பி.எல்லில் பத்துக் கோஷ்டிகள். ஒன்றுக்கு 25 பேருக்கு மேல் கிடையாது. அதில் எட்டுப் பேர் வரை வெளிநாட்டாராக இருக்கலாம். எல்லா இடமும் நிரம்பினாலும் 250 பேர்தான். தேசம் முழுவதும் எத்தனை அம்மாக்கள் சங்கிலியைக் கழற்றிக்கொண்டு நிற்கிறார்கள்!

அப்போது பையன் மெல்ல வந்து திண்ணையோரம் நின்றான். நாற்பது ரன்னைப் பற்றிக் கேட்பான் என்று நினைத்தேன். "சித்தி, அந்தக் கேட்சை ஏன் விட்டேன்னு பார்த்தீங்களா?" என்றான்.

"பஸ்ஸைப் பார்த்தாய்" என்றேன்.

முகம் சிவந்தது. சூரியன் மேல் பழி போடவில்லை. காற்றின் மேல் போடவில்லை. "ஆமாம்" என்றான். அந்த ஒரு வார்த்தைக்காக ஆறாவது பாடத்தில் அவனுக்கு ஐம்பது மார்க்குப் போட்டேன். எண்பது போட இன்னும் நாள் இருக்கிறது.

என் தீர்ப்பு இதுதான்: பதினொன்றும் பன்னிரண்டும் திருத்தணியிலேயே படிக்கட்டும். சனி, ஞாயிறுகளில் மின்சார ரயில் ஏறிச் சென்னைக்குப் போய் ஆடட்டும். மாவட்டத் தேர்வுக்கும் போகட்டும். ஒரு நோட்டுப் புஸ்தகத்தில், அடித்த ரன்னை அல்ல, கவனம் தவறிய பந்துகளை எழுதி வைக்கட்டும். இரண்டு வருஷத்தில் அந்த நோட்டுப் புஸ்தகமே பதில் சொல்லும்.

பையனுக்கு முழுச் சந்தோஷமில்லை. அவன் அப்பாவுக்கும் இல்லை. இருந்தாலும், "அந்த ரயில் சீசன் டிக்கெட் எவ்வளவு ஆகும்?" என்று கேட்டார் அவர். அதுவே பெரிய காரியம்.

சங்கிலி இப்போது அக்காவின் கழுத்தில்தான் இருக்கிறது. இரண்டு வருஷம் கழித்து அது அடகுக் கடைக்குப் போனாலும் போகலாம். அன்றைக்கு அவளுக்குத் துணையாக நானே வருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன்.