ஆசிரியர் கையேற்கும் பரிசு

நம் துறையில் பயின்று வெளியேறிய மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு என்னைக் காண வந்திருந்தார். இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கிய பின்னர், சென்னையைச் சூழ்ந்த தொழிற்சாலைகளில் கொரிய மொழி அறிந்தோர்க்குத் தேவை பெருகியது. அதனை எண்ணி அவரும் மாலை வகுப்பொன்றில் அம்மொழி கற்று வந்தார். கற்பித்தவர் சியோல் நகரத்து அம்மையார். "வகுப்பு முடியப் போகிறது ஐயா. அவர்களுக்குத் தஞ்சாவூர்க் கலைத்தட்டு ஒன்று வாங்கிக் கொடுக்கலாமா?" என்று கேட்டார். அதன் விலை அவருடைய மாத ஊதியத்தில் கால் பங்கு.

"தேர்வு எப்போது?" என்றேன்.

"அடுத்த வாரம் ஐயா."

"அப்படியாயின் இப்போது வேண்டா" என்றேன். அவர் முகம் வாடிற்று. நன்றி செலுத்துவதைத் தடுக்கும் ஆசிரியனை அவர் எதிர்பார்த்திரார்.

யான் அவ்வாறு கூறியதற்குக் காரணம் அந்த அம்மையாரின் நாட்டிலேயே உண்டு. கொரியர் ஆசிரியரைச் 'சொன்செங்நிம்' என விளிப்பர். 'முன் பிறந்தவர்' என்பது அதன் அடிப்பொருள். 1446-இல் தம் மக்களுக்குப் புதிய எழுத்தை வழங்கிய அரசர் செஜோங் பிறந்த மே 15-ஆம் நாளையே 1965 முதல் ஆசிரியர் நாளாகக் கொண்டாடுகின்றனர். அந்நாளில் கார்னேஷன் மலர் சூட்டுவது வழக்கம். ஆயின் மலரோடு பணவுறையும் வந்தது. 'சிறு எண்ணம்' என்று பொருள்படும் 'சோன்ஜி' என்னும் அழகிய பெயரால், தம் பிள்ளையைத் தனித்துக் கவனிக்குமாறு பெற்றோர் ஆசிரியர்க்கு அளித்த கையுறை அது. 2016 செப்டம்பர் 28-இல் நடைமுறைக்கு வந்த ஊழல் தடுப்புச் சட்டத்தின்படி, மதிப்பெண் இடும் ஆசிரியர்க்கு மாணவர் தனியே ஒரு மலர் கொடுப்பதும் தகாது. மாணவர் பிரதிநிதி அனைவர் முன்னிலையில் கொடுக்கலாம்.

மலருக்குமா சட்டம் என்று நாம் நகைக்க வேண்டியதில்லை. நம் நன்னூலார் நூல் உரைக்கத் தக்கார் வரிசையில் பொருளை மிகக் கொடுப்போனையும் நிறுத்தியிருக்கின்றார். மாத ஊதியம் காணாத ஆசிரியர் வாழ்ந்த காலம் அது. ஊதியம் வந்த பின்னும் அவன் அவ்வரிசையிலேயே நின்றால், கொடுக்க இயலாத மாணவன் எங்கே நிற்பான்?

யானும் இச்சங்கடத்தில் ஒருமுறை சிக்கியவன். அகமதிப்பெண் இடும் வாரத்தில் ஒரு கைக்கடிகாரம் என் வீடு தேடி வந்தது. திருப்பி அனுப்பிவிட்டேன். ஆயினும் அம்மாணவனின் விடைத்தாளை மும்முறை படித்தேன். கூட்டி இட்டேனோ, பழிக்கு அஞ்சிக் குறைத்து இட்டேனோ, இன்றளவும் அறியேன். அவனும் அன்பினால்தான் கொடுத்தான்.

நிற்க. பிற பண்பாட்டினர்க்குப் பரிசளிக்கும்போது அவர்தம் வழக்கங்களை அறிதல் நன்றே. கொரியர்க்கு இரு கைகளாலும் கொடுத்தல் வேண்டும். கொடுத்தவர் முன்னே பிரித்துப் பாராமை பழைய மரியாதை. பெயரைச் சிவப்பு மையால் எழுதலாகாது. இறந்தோர் பெயரையே அவ்வாறு எழுதுவர் என்பது அவர்கள் எண்ணம். 'நான்கு' என்னும் எண்ணும் சாவு என்னும் சொல்லும் அங்கே ஒலியால் ஒன்று. எனினும் இவற்றில் தவறினால், அயலார் அறியாமல் செய்தார் என்று பொறுத்துக்கொள்வர். ஏற்கவும் இயலாமல் மறுக்கவும் இயலாமல் ஆசிரியரை நிறுத்தும் பரிசு அத்தகையதன்று. தேர்வுக்கு முன் வரும் விலையுயர்ந்த பொருள் எம்மொழியிலும் ஒரே பொருளைத்தான் தரும் என்பது என் துணிபு.

தேர்வு முடிவு வந்தபின், வகுப்பினர் அனைவரும் சேர்ந்து உடன்குடிக் கருப்பட்டி ஒரு பெட்டி வாங்குங்கள் என்றேன். நீர் தனியே கொடுக்க விரும்பினால், அவர் கற்பித்த மொழியில் உம் கையால் ஒரு மடல் எழுதும் என்றேன். கலைத்தட்டை விட மனமில்லாமலே அவர் போனார். பின்னர்க் கேட்டபோது, அம்மடலுக்கு மூன்று இரவுகள் ஆயின என்றார். நம் 'நீ, நீர், நீங்கள்' போன்று அம்மொழியின் வினைமுற்றுகளிலும் மரியாதைப் படிகள் பல உண்டு. எந்தப் படியில் நின்று நன்றி கூறுவது என்பதே அவர்க்குப் பெரும்பாடாயிற்று.

அம்மையார் மடலை இரு கைகளாலும் வாங்கிப் பிரியாமலே பைக்குள் வைத்துக்கொண்டாராம். மறுநாள் தொலைபேசியில் அழைத்து, "இரண்டு இடங்களில் உருபு பிழைத்திருக்கிறது" என்று தொடங்கி, அரைமணி நேரம் பேசினாராம்.